கஞ்சியும் சாம்பலும்

அட்டையில் இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர்.
கடைக்காரர் வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது.
குன்னூர் மார்க்கெட்டிலிருந்து வீடு வருவதற்குள், பஸ்ஸிலேயே,
ஒன்று கஞ்சி, மற்றது சாம்பல் என்றாகிவிட்டது.
கஞ்சி என் கட்சி.
சாம்பல் ஜெயசிங்குடையது.

கடையில் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
வெள்ளை டப்பாவுக்கு மேலே ஊசி மாதிரி ஒரு குழாய்.
இரண்டுக்கும் அதே கறுப்பு, அதே காவி, அதே மஞ்சள்.
ஒன்றில் கறுப்பு ஒரு சொட்டு கூட.
அந்த ஒரு சொட்டுக்குப்
பத்தொன்பது நாள் பேசினோம்.

வடக்குப் பார்த்த அறை.
போன மழையின் ஈரம்
ஜன்னலுக்குக் கீழே தீவுபோல் படிந்திருந்தது.
சுரண்டி, பட்டி பார்த்து,
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் பூசினார் யோகநாதன்.
‘பகல்லயும் பாருங்க, லைட்டு போட்டும் பாருங்க.
அவசரமில்ல.’

பார்த்தோம்.
காலை ஏழு மணிக்குக் கஞ்சியில் மஞ்சள் தட்டியது.
‘காமாலை’ என்றார்.
பத்து மணிக்குச் சாம்பலில் நீலம் ஏறியது.
‘ஆஸ்பத்திரி வராந்தா’ என்றேன்.
அங்கேதான் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன்,
எனக்குத் தெரியாதா?
மூன்று மணிக்கு, எதிர்மலைத் தேயிலை ஃபேக்டரியின் தகரத்தில்
பட்டுத் திரும்பிய வெயில்
இரண்டையும் ரோஜாவாக்கியது.
அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் ஏதும் பேசவில்லை.

நாலரைக்கு மூடுபனி வரும்.
ஜன்னல் திறந்திருந்தால் உள்ளேயும் வரும்.
வந்து, இரண்டு சதுரத்தையும் அழித்துவிட்டு
தன் நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்.
அதற்கு அட்டையில் பெயர் தேடினேன்.
இல்லை.

ஒரு விடியலில் பீன்ஸ் பாத்தியில் காட்டெருமை.
கன்னங்கரேலென்ற உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும்
காலுறை மாட்டியதுபோல் வெளுப்பு.
‘என் கஞ்சி’ என்றேன், கிசுகிசுப்பாக.
‘நெத்தியப் பாரு’ என்றார். ‘என் சாம்பல்.’
அது எங்கள் இருவரையும் பார்த்தது,
பீன்ஸை முடித்தது,
போனது.

அறை எதற்கு என்பது மட்டும் முடிவாகவில்லை.
‘யாராச்சும் வந்தா தங்க’ என்றோம், கேட்டவர்களிடம்.
அவருக்கு அரவங்காட்டில் நைட் ஷிப்ட், பகலில் தூங்க வேண்டும்.
எனக்கு ஒரு கதவு வேண்டும், சாத்திக்கொள்ள.
இதையெல்லாம் சொல்லிக்கொள்ளாமல்
கஞ்சி என்றோம், சாம்பல் என்றோம்.

இருபதாம் நாள், டிபன் பாக்ஸோடு
படியில் நின்று சொன்னார்:
‘கஞ்சியே அடிக்கச் சொல்லு.’
ஏன் என்று கேட்பதற்குள் ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது.
ஜெயித்த மாதிரி இல்லை.
கைமாற்று வாங்கின மாதிரி இருந்தது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில்
அடித்து முடித்துவிட்டார்கள்.
விளக்கைப் போட்டேன்.
‘எவ்ளோ இதமா இருக்கு பாத்தீங்களா?’
‘ஆமா, நீ சொன்னதுதான் சரி’ என்றார்,
கையைச் சுவரில் வைத்து,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.

ஜனவரியில், உறைபனிக்குப் பயந்து
டாலியாவைக் கவிழ்த்து மூடக்
காலி பெயிண்ட் வாளியை எடுத்தேன்.
லேபிளில் எண்.
கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று.
அட்டையைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன்.
சாம்பல்.

அறைக்குள் போய் நின்றேன்.
அப்போதும் எனக்கு அது கஞ்சியாகத்தான் தெரிந்தது.

யோகநாதனுக்குப் போன் போட்டேன்.
‘சார்தானே மாத்தச் சொன்னாரு’ என்பாரோ,
இல்லை, ‘ஐயோ, மாறிப்போச்சா’ என்பாரோ.
இரண்டுமே வேண்டாமென்று தோன்றியது.
மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

செடியின் மேல் வாளியைக் கவிழ்த்தேன்,
லேபிள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி.
உள்ளே அவர் ஷிப்ட் முடிந்து வந்து
நான் ஜெயித்த நிறத்தில்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
கதவை மெல்லச் சாத்தினேன்,
வெளியிலிருந்து.